முதல் வெளிநாட்டுப் பயணம்: எந்த வேலையை எப்போது முடிப்பது

வெளிநாட்டுப் பயணத்தின் பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வருவதில்லை. புறப்படும் விமான நிலையத்திலேயே, பெட்டியை எடைபோடும் கவுண்டரில் வந்து நிற்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. நுழைய அனுமதி கிடைக்காத பயணியைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு, அவரை ஏற்றிச் சென்ற விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பல நாடுகள் அந்த நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கின்றன. அதனால் கவுண்டர் ஊழியர் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைத் திறந்து, உங்கள் குடியுரிமை, போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு மூன்றையும் வைத்துச் சரிபார்க்கிறார். அந்தத் திரை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவரிடம் வாதாடிப் பயனில்லை.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்வதற்காக அலைந்த அலைச்சலில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இதில் எந்த வேலையும் தனியாகப் பார்த்தால் கடினமில்லை. வரிசை மாறும்போதுதான் பணமும் நிம்மதியும் போகின்றன. ஆகவே வேலைகளை அவை வரவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நாட்டு அரசின் இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள்.

1. பாஸ்போர்ட்: ஆறு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள்

காலாவதித் தேதி பயணத்துக்குப் பிறகு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட பல நாடுகளுக்கு, நீங்கள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்கு பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விதி சற்று வேறு. அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் தனித்தனியே பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் ஆயுள் குறைவு. பெரியவர்களுடையது நன்றாக இருக்கும்போது அவர்களுடையது சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

வெற்றுப் பக்கங்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அடுத்து பாஸ்போர்ட்டின் நிலையைப் பாருங்கள். புகைப்படப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டுப்படலம் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருக்கிறதா, பக்கம் நனைந்து அலையலையாகச் சுருங்கியிருக்கிறதா, குழந்தை எங்காவது கிறுக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சேதமடைந்த பாஸ்போர்ட்டை மறுக்கும் அதிகாரம் எல்லா எல்லைகளிலும் உண்டு. சந்தேகம் வந்தால் புதிதாக எடுத்துவிடுவதே நல்லது.

பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் முடியாத விசா இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அமெரிக்க விசா போன்றவை பழைய பாஸ்போர்ட்டிலேயே செல்லுபடியாகும். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

2. விசா: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

முதலில் எந்த வகை அனுமதி வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நண்பர்களுக்கு, பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது என்பதாலேயே விதி முற்றிலும் வேறாக இருக்கலாம். ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே’ என்று தெரிந்தவர் சொல்வதை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

விசா வேண்டாம் என்றால் எந்த வேலையும் இல்லை என்று பொருளல்ல. விசா விலக்கு பெற்ற நாட்டினரும் அமெரிக்காவுக்கு எஸ்டா, கனடாவுக்கு விமானத்தில் போக இடிஏ, பிரிட்டனுக்கு இடிஏ என்று முன் அனுமதி பெற்றுத்தான் விமானம் ஏற முடியும். இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் முதல் பொறி இருக்கிறது. தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும். சின்னம், கொடி, நிறம் எல்லாம் ஒத்திருக்கும். அரசு வாங்கும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு, உங்கள் பாஸ்போர்ட் விவரங்களையும் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பின் வழியாக மட்டுமே விண்ணப்பப் பக்கத்துக்குச் செல்லுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக்கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள் ஆகும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்ப நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், மூன்று மாதம் என்பதைக் கடைசி எல்லையாகக் கொள்ளுங்கள். பல ஷெங்கன் நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

ஆவணங்களில் எல்லோரும் தடுமாறுவது வங்கிக் கணக்கு அறிக்கையில். அதிகாரி பார்ப்பது கடைசி நாளின் இருப்பை மட்டுமல்ல. சில மாதங்களாகப் பணம் எப்படி வந்து போயிருக்கிறது என்பதையும்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமோ வாங்கிப் போட்ட பெருந்தொகை நன்மைக்குப் பதில் சந்தேகத்தையே கொடுக்கும். வீடு விற்ற பணம், முதிர்ந்த வைப்புத்தொகை என்று நியாயமான காரணம் இருந்தால் அதற்குரிய தாளையும் சேர்த்து வையுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதம் முக்கியம். திரும்பி வருவதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. போலி ஆவணம் ஒன்றுகூட வேண்டாம். இந்தப் பயணம் கெடுவதோடு முடியாது. வரப்போகும் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அது உங்களைத் தொடரும்.

புகைப்பட அளவும் நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கனுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர். வீட்டில் கிடக்கும் பழைய படம் உதவாது. 6 மாதங்களுக்குள் எடுத்ததுதான் ஏற்கப்படும்.

வயதானவர்களின் கைரேகையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் தந்தையின் விரல்ரேகை உழைத்துத் தேய்ந்து போனது. பதிவு மையத்தில் கருவி திரும்பத் திரும்பச் சிவப்பு விளக்கையே காட்டியது. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, நுனியைத் தன் கையால் மெல்ல அழுத்திப் பிடித்த பிறகுதான் பச்சை விளக்கு எரிந்தது. விரல் வறண்டவர்கள் சில நாட்கள் முன்பிருந்தே ஈரப்பதக் களிம்பு தடவிவந்தால் நல்லது. ஷெங்கனுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதங்களுக்கு மீண்டும் பயன்படும்.

விசா கைக்கு வந்ததும், மையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு மூன்று விவரங்களைப் பிரித்துப் படியுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். ஆறு மாதம் செல்லும் விசாவில் முப்பது நாள் மட்டுமே தங்க அனுமதி இருக்கலாம். ‘ஒருமுறை நுழைவு’ விசாவில் போனவர் அருகிலிருக்கும் நாட்டை ஒருநாள் எட்டிப்பார்க்கப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஷெங்கனில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 30 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

3. இடையில் இறங்கும் நாடு: கவுண்டரில் மாட்டிவிடும் இடம்

விமானம் மாறும் நாட்டுக்கும் அனுமதி தேவைப்படலாம். அமெரிக்காவில் இது மிகக் கண்டிப்பு. அங்கே விமானம் மாறினாலே நாட்டுக்குள் நுழைந்ததாகத்தான் கணக்கு. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைத்துவிட்டுத்தான் அடுத்த விமானம். அதற்கு விசாவோ எஸ்டாவோ வேண்டும். பிரிட்டன், கனடா, சில ஷெங்கன் நாடுகள் ஆகியவையும் சில குடியுரிமையினரிடம், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராதபோதும் டிரான்சிட் விசா கேட்கின்றன.

மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி ஒட்டவைத்தால் சிக்கல் இன்னும் ஆழமாகும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. அந்த டிக்கெட் போனதுதான். பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை போகாது. அதை எடுக்க நீங்கள் இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும். தாண்ட விசா வேண்டும். ஒரு நகரத்திலேயே இரண்டு விமான நிலையங்கள் இருப்பதையும் கவனியுங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவதும், டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவதும் ஊரைக் குறுக்கே கடக்கும் வேலை. முதல் பயணத்துக்கு ஒரே முன்பதிவில் உள்ள டிக்கெட்டை வாங்குங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை.

4. டிக்கெட்: விசாவுக்குப் பிறகு

விசா விண்ணப்பத்துக்குப் பல தூதரகங்கள் முன்பதிவை மட்டுமே கேட்கின்றன. பணம் கட்டிய டிக்கெட்டைக் கேட்பதில்லை. ரத்துசெய்யக்கூடிய முன்பதிவைக் கொடுத்துவிட்டு, விசா வந்தபின் வாங்குங்கள். கட்டாயம் முன்பே வாங்க வேண்டுமென்றால், ரத்துக் கட்டணம் எவ்வளவு என்ற வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வழக்கில் உள்ள சுருக்கப் பெயரோ, தலைப்பெழுத்தோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக இருந்து குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். விமான நிறுவனங்களின் படிவம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். எப்படி நிரப்புவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும். அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்கு வருகை விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே போகிறவர்கள் இதை முதல் வேலையாகத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு விமானங்களின் தேதியை நிதானமாகப் படியுங்கள். 15ஆம் தேதி 00.30 மணி என்றால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒருநாள் ஆகியிருக்கும். ஹோட்டல் முன்பதிவையும் இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும் என்பதால் 05/06 என்பது அங்கே மே 6. பல நாடுகளில் ஜூன் 5.

திரும்பும் டிக்கெட் இல்லாமல் ஒருவழியாகப் போனால் கவுண்டரிலேயே கேள்வி வரும். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் 48 மணி நேரம் முன்பே பதிவுசெய்யுங்கள். கர்ப்பிணிகளிடம் 28 வாரத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் மருத்துவரின் சான்றிதழ் கேட்கும்.

5. காப்பீடு: டிக்கெட் வாங்கிய அன்றே

புறப்படும் முந்தைய நாள் அவசரமாக வாங்கினால், அதற்கு முன் நேரும் காரணங்களால் பயணம் ரத்தானால் பணம் கிடைக்காது. டிக்கெட் வாங்கிய அன்றே எடுத்தால் அந்தப் பாதுகாப்பும் சேரும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயமில்லாத நாடுகளுக்கும் எடுத்துவிடுங்கள். அமெரிக்கா போன்ற இடங்களில் ஒருநாள் மருத்துவமனைச் செலவே பயணச் செலவை விழுங்கிவிடும்.

பத்திரத்தில் மூன்று இடங்களை மட்டுமாவது படியுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இழப்பீடு உண்டா? நோயாளியை வேறு மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுசெல்லும் செலவு அடங்குமா? இருசக்கர வாகனம், மலையேற்றம், ஆழ்கடல் நீச்சல் விலக்கப்பட்டிருக்கின்றனவா? சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பதை மறைத்துப் பத்திரம் வாங்குவது பணத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். இழப்பீடு கேட்கும்போது பழைய மருத்துவச் சீட்டுகளைத்தான் முதலில் கேட்பார்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், முடிந்தவரை சேர்வதற்கு முன்பே காப்பீட்டின் அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

6. மருந்தும் தடுப்பூசியும்: ஆறு வாரம் முன்பே

இந்தப் படியை நான் மற்றவர்களைவிட அதிகம் வலியுறுத்துவேன். நம் வீட்டு மருந்துப்பெட்டியில் இருக்கும் சாதாரண மாத்திரை, வேறொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். கோடீன் கலந்த வலி நிவாரணிகள், டிரமடால், தூக்க மாத்திரைகள் ஆகியவற்றைச் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குக் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்குத் தடை. மருத்துவர் எழுதிய மற்ற மருந்துகளையும் அங்கே ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி பெற வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். மருத்துவரிடம் மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, நோயையும் வேளை அளவையும் குறிப்பிட்ட கடிதம் வாங்குங்கள். மருந்தைக் கடையில் வந்த அட்டையிலும் பெட்டியிலுமே வையுங்கள். என் தாய் தன் மாத்திரைகளை வேளை வாரியாகச் சிறு டப்பாவில் பிரித்துவைப்பவர். பயண நாட்களுக்கு மட்டும் அந்த வழக்கத்தை விடவைத்தோம். பெயரில்லாத மாத்திரையைச் சுங்க அதிகாரியிடம் விளக்குவது எளிதல்ல. மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் பயனற்றது. அதைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற விதி மருந்துத் திரவங்களுக்குப் பொருந்தாது; சோதனையில் நீங்களே எடுத்துக் காட்டினால் போதும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குப் போகும்போது மட்டுமல்ல, அங்கிருந்து திரும்பும்போதும், அந்த வழியாகப் போகும்போதும் இதைக் கேட்பார்கள். பத்து நாள் கணக்கைக் குறைக்க எந்தப் பணத்தாலும் முடியாது.

7. பணம்

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை எடுத்துக்கொண்டு, இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே செயல்படுத்தி, சிறிய தொகை ஒன்றுக்குச் சோதித்துப் பாருங்கள். இறங்கியதும் பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் ஆகும் அளவுக்கு அந்நாட்டுச் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

கடையிலோ ஏடிஎம்மிலோ, ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா, இந்த நாட்டுப் பணத்தில் கட்டலாமா’ என்று திரை கேட்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணம் கண்ணுக்குப் பழகியதாக இருக்கும். ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதல் லாபம் சேர்த்துத்தான் அந்தத் தொகையைக் காட்டுகிறார்கள். ஹோட்டலும் வாடகைக் கார் நிறுவனமும் கார்டில் முன்பணமாக ஒரு தொகையை நிறுத்திவைக்கும். அதற்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே பல நாட்கள் முடங்கும். கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கம் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமல்ல; சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

8. போன்

வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் சொந்த நாட்டு எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டுச் சிம்மைப் போட்டுவிட்டுப் பழைய சிம்மை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கார்டு இருந்தும் பணம் கட்ட முடியாமல் நிற்க நேரும். பழைய எண்ணில் ரோமிங்கைக் குறுஞ்செய்திக்கு மட்டும் திறந்துவைத்து, இணையத்துக்கு இ-சிம்மோ உள்ளூர்ச் சிம்மோ பயன்படுத்துங்கள். பழைய எண்ணின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். தங்குமிட முகவரி, உறவினர் எண், தூதரக எண் ஆகியவற்றை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். போன் தொலையும்போது அதற்குள் இருக்கும் எல்லா எண்களும் சேர்ந்துதான் தொலைகின்றன.

9. பெட்டி

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் தடை. மேலே வாட்-மணி அச்சிடப்படவில்லை என்றால், மில்லியாம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 மில்லியாம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். 2025 முதல் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளன.

சார்ஜரின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் வேலை செய்யும். பிளக்கின் முனையை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். முடி உலர்த்தி போன்றவற்றில் 220–240 மட்டும் இருந்தால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சரியாக வேலை செய்யாது. விட்டுவிட்டுப் போங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் விதை, பழம், பால்பொருள், தாவரம் எதுவாக இருந்தாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்து எடுத்துக் காட்டுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பொருள்தான் போகும். மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். அடுத்தவருடைய பொட்டலத்தை உங்கள் பெட்டியில் ஏற்காதீர்கள். விமான நிலைய வரிசையில் ‘என் பெட்டி எடை கூடிவிட்டது, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சுகிறவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் சட்டத்தின் முன் அது உங்களுடையது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. முகத்தாட்சணியம் பார்க்கும் இடம் அதுவல்ல.

பூட்டுவதற்கு முன் பெட்டியை உள்ளும் வெளியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. கடைசி மூன்று நாட்கள்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றுமே இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. இது விசாவுக்கு மாற்றும் அல்ல.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் முன்பதிவு, மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில், ஒன்று வீட்டில் இருப்பவரிடம் இருக்கட்டும். குழந்தையுடன் பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதானால், மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் தேவை. எல்லோரிடமும் கேட்பதில்லை, கேட்கும்போது இல்லையென்றால் வேறு வழியில்லை.

11. விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பன்னாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். பெட்டியை ஒப்படைத்ததும் கையில் தரும் சிட்டையில் போய்ச்சேரும் ஊரின் மூன்றெழுத்துக் குறியைப் பாருங்கள். அது இடைவழி ஊராக இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

போய் இறங்கியபின் இமிகிரேஷன் அதிகாரி கேட்பவை எளிய கேள்விகள்: ஏன் வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். விசா இருப்பது நுழைவுக்கு உறுதி அல்ல. இறுதி முடிவு அவருடையது. மொழி தெரியாத பெரியவர்களுக்கு இந்த விவரங்களை ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் அவர்களின் பதற்றம் பெருமளவு குறையும். முத்திரை விழுந்ததும், நகர்வதற்கு முன் தேதியையும் அனுமதித்த நாட்களையும் பாருங்கள். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதியும் மின்னணு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அங்கே நாள் கணக்கை நீங்களே குறித்துவைக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றாலோ உடைந்து வந்தாலோ, வெளியே வருவதற்கு முன்பே பெட்டிச் சேவைக் கவுண்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவத்தை நிரப்பி எண் வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

12. அங்கே இருக்கும்போது

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999. ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

வாகன வாடகைக்கு பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகலையோ முன்பணத்தையோ ஏற்கும் கடைக்குப் போங்கள். வண்டி ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் வழங்கப்பட்ட நாட்டிலேயே பெற வேண்டும். ஜப்பான் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதை மட்டுமே ஏற்கிறது.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு உங்கள் நாட்டுத் தூதரகம். பாஸ்போர்ட் நகலும் புகைப்படங்களும் கையில் இருந்தால் அவசரப் பயண ஆவணம் விரைவாகக் கிடைக்கும். அதோடு வேலை முடிந்துவிடாது. நுழைவு முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதால், சில நாடுகளில் இமிகிரேஷன் அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். தூதரகத்திலேயே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் ஆகும் என்பதால் டிக்கெட்டை மாற்றும் வேலையையும் அன்றே தொடங்குங்கள். தொலைந்ததாக அறிவித்த பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது.

13. திரும்பி வந்தபின்

காப்பீட்டு இழப்பீடு கேட்பதானால் பத்திரத்தில் சொன்ன கெடுவுக்குள் அசல் ரசீதுகளோடு அனுப்புங்கள். கார்டுக் கணக்கை அடுத்த இரண்டு மாதங்கள் வரி வரியாகப் பாருங்கள். ஹோட்டல் நிறுத்திவைத்த தொகை விடுவிக்கப்பட்டதா, தெரியாத சிறு தொகை ஏதேனும் போயிருக்கிறதா என்று தெரியும். போர்டிங் பாஸ்களையும் நுழைந்த, வெளியேறிய தேதிகளையும் ஒரு உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வையுங்கள். சில நாடுகளின் விசாப் படிவங்கள் கடந்த பல ஆண்டுகளின் பயணங்களைத் தேதியோடு கேட்கின்றன.